ஏழாம் படத்து மான்

பதினான்கு படங்களில் பதிமூன்று கையெழுத்தோடு திரும்பி வந்தன. ஏழாவது படம் மட்டும் வெறுமையாக வந்தது. முழுக்க வெறுமை என்றும் சொல்ல முடியாது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால், குச்சி குச்சியான எழுத்தில், ஒரே ஒரு வரி இருந்தது: 'இது செத்த மான்.'

மான் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஏறாதா பின்னே? ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்கக் குனிகிற பெண்மான். காதுகள் இரண்டும் விறைத்திருந்தன, ஒரு முன்னங்கால் பாதி தூக்கியபடி இருந்தது, மூக்கின் ஈரம்கூடத் தெரிந்தது. பதினெட்டு நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து வரைந்த படம் அது. செத்த மான் எந்த ஊரில் காலைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கிறது என்று ஆளில்லாத அறையில் வாய்விட்டே கேட்டாள். பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் தன்னைத்தான் கேட்கிறாளோ என்று ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகத் திரும்பிப் போனான்.

மான் அக்கா என்பது பதிப்பகத்தில் வைத்த பெயர். காடு, வேட்டை, விலங்குகள் பற்றிய புத்தகங்கள் மட்டுமே போடுகிற பதிப்பகம் அது. பல்லும் நகமும் உள்ள மிருகங்களை வரைய ஆள் கிடைப்பார்கள். அதில் பார்ப்பவரைப் பயமுறுத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. மானை வைத்து யாரைப் பயமுறுத்துவது? அதனால் மான் வந்தால் மான் அக்காவுக்குத்தான் போகும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் வரைந்த மான்களை அவிழ்த்துவிட்டால் ஒரு நல்ல காடே நிரம்பும். உயிரோடு மானைப் பார்த்தது மட்டும் ஒரே தடவை. ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து, அதுவும் பின்பக்கம்.

அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. அலமாரியில் மான் பற்றி அறுபது புத்தகங்கள் இருந்தன. வேட்டைக்காரர்களின் நினைவுக் குறிப்புகள், காட்டு அதிகாரிகளின் கையேடுகள், கொம்புக்கு மட்டும் ஒரு புத்தகம், குளம்புத் தடத்துக்கு மட்டும் ஒரு புத்தகம். அருங்காட்சியகத்தின் முதல் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள், பாடம் செய்த பெண்மான் ஒன்று நின்றது. அதன் முன்னால் மடக்கு நாற்காலி போட்டு அவள் உட்காராத மாதம் இல்லை. காவலாளிக்கே அந்த மான்மேல் அவளுக்கு ஏதோ பாத்தியதை உண்டு என்ற எண்ணம்.

இந்தப் புத்தகம் அப்படிப்பட்ட இன்னொரு புத்தகம் இல்லை. எழுதியவரை எல்லோரும் வேட்டைக்காரர் என்றே சொல்வார்கள், துப்பாக்கியைக் கீழே வைத்து இருபத்து நான்கு வருடம் ஆகியும். ஐம்பது வயதுவரை சுட்டார், பிறகு எழுதினார். சுட்டதைவிட எழுதியது குறி தப்பாமல் போனது. மானின் பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் சொல்லுகிற இந்தப் பெரிய புத்தகத்துக்குப் புகைப்படம் வேண்டாம், கையால் வரைந்த படம்தான் வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில் நின்றார். பதிப்பாளர் அரை மனதாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பதினான்கையும் ஓரம் கட்டிவிட்டுப் புகைப்படம் போட்டுவிடுவார்.

ஒன்றரை வருட உழைப்பு. அதைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. இத்தனை வருடமும் மான் அக்காவின் பெயர் உள்பக்கத்தில், அச்சகத்து முகவரிக்குக் கீழே, எறும்பு அளவில்தான் வந்திருக்கிறது. இந்த ஒரு புத்தகத்தில் அட்டையிலேயே, ஆசிரியர் பெயருக்குக் கீழே, வருவதாக இருந்தது. அட்டையின் மாதிரியை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். யாராவது வந்தால் அதன்மேல் எதையாவது எடுத்து வைத்து மறைப்பாள். அவ்வளவு ஆசை.

மறுநாளே வேட்டைக்காரர் வீட்டுக்குப் போனாள். சண்டை போடத்தான் போனாள், ஆனால் அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டதில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. அவர் அறைச் சுவரில் ஒரு கொம்புகூட இல்லை. ஆணி இருந்த ஓட்டைகள்தான் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாராம். தப்பு காதிலா, கழுத்திலா, காலிலா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். கடைசியில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்கே தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆனா இந்த மூஞ்சியை எனக்கு நல்லாத் தெரியும். சுட்டுட்டு கிட்டப் போய்க் குனிஞ்சு பார்க்கறப்ப இப்படித்தான் இருக்கும்."

மற்ற பதிமூன்றில் மான்கள் தூரத்தில் நிற்கின்றன, ஓடுகின்றன, படுத்திருக்கின்றன. ஏழாவதில்தான் முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் அது மட்டும் அவருக்கு உறுத்தியது என்று அப்போது இருவருக்குமே புரியவில்லை.

வீட்டுக்கு வந்து மூக்கில் இன்னும் கொஞ்சம் ஈரம் வைத்தாள். கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துப் பளபளப்பாக்கினாள். காதை ஒரு நூல் திருப்பினாள். படம் போனது, அதே வேகத்தில் திரும்பி வந்தது. பழைய வரிக்குக் கீழே 'இன்னும்' என்று ஒரு சொல் கூடியிருந்தது. பதிப்பாளர் போனில் கூப்பிட்டு, பன்னிரண்டு நாள் பார்க்கிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது என்றார். அவர் மேசையில் புகைப்படங்கள் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டன என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

வேறு வழியில்லாமல் அவள் நாத்தனாரிடம் போனாள். புருஷனின் தங்கை கால்நடை மருத்துவர். ஊருக்கு வெளியே, அடிபட்ட காட்டு விலங்குகளை வைத்து வைத்தியம் பார்க்கிற கொட்டகையில் வேலை. இரண்டு பேருக்கும் பெரிய பகை ஒன்றும் கிடையாது. ஒருத்தி வேலையை இன்னொருத்தி வேலையாகவே மதித்ததில்லை, அவ்வளவுதான். ஒரு மானையாவது நேரில் பார்த்துவிட்டு வரையக் கூடாதா அண்ணி என்று நாத்தனார் பத்து வருடமாகக் கேட்டிருக்கிறாள். நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்றால் கடவுள் படம் போடுகிறவன் என்ன செய்வான் என்று அண்ணியும் பத்து வருடமாக மடக்கியிருக்கிறாள். இப்போது அந்த வாயை மூடிக்கொண்டு போய் நிற்க வேண்டியிருந்தது. நாத்தனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

லாரியில் அடிபட்ட பெண்மான் ஒன்று அங்கே இருந்தது. முன்னங்கால் முறிந்து கட்டுப் போட்டு ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் பத்து நாளில் கட்டைப் பிரித்துக் காட்டில் விடப் போகிறார்கள். நாத்தனார் அண்ணியைத் தலை முதல் கால் வரை முகர்ந்து பார்த்துவிட்டு, வாசனை எண்ணெயைக் கழுவிவிட்டு நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினாள். மறுநாள் உள்ளே விடும்போது கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள்.

"பக்கவாட்டுல உட்காருங்க அண்ணி. நேரா உத்துப் பார்க்கக் கூடாது. நேரா உத்துப் பார்க்கிறவன் தன்னைத் திங்க வந்தவன்னுதான் அதுக்குத் தெரியும்."

கண்ணால் பிழைக்கிறவளிடம் பார்க்காதே என்றால் எப்படி? முதல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரச்சட்டங்களுக்கு அந்தப் பக்கத்தில் மூச்சும், தழையை அரைக்கிற பல்லின் சத்தமும் மட்டும் கேட்டன. இரண்டாம் நாள் நிழல் தெரிந்தது. அவளுடைய இடுப்பு விட்டுப்போனது. இருபத்திரண்டு வருடம் வரைந்த ஒன்றுக்கு மூச்சு விடுகிற சத்தம் உண்டு என்பதே அவளுக்கு ஒரு புதுச் செய்தியாக இருந்தது.

மூன்றாம் நாள், பத்து மணி வெயில் கூரைத் தகட்டின் இடைவெளி வழியாக உள்ளே விழுந்திருந்த நேரம், மான் தானாகவே வந்தது. அவள் பக்கத்துச் சட்டத்தில் நாத்தனார் கட்டித் தொங்கவிட்டிருந்த தழைக்கொத்துக்காக வந்தது. அவள் தோளுக்கும் அதன் முகத்துக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தலையைத் திருப்பாமல், விழியை மட்டும் கடைக்கோடிக்கு ஓட்டிப் பார்த்தாள்.

கண் தெரிந்தது. ஈரமான கரும்பழுப்பு. நடுவில் கண்பாப்பா. அது வட்டமாக இல்லை.

படுக்கை வாட்டில் ஒரு பட்டை. நீலம் கலந்த கறுப்பில், இரண்டு ஓரமும் மழுங்கி, கண்ணின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நீண்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவள் உருட்டி உருட்டி வைத்த கரும்பொட்டு அங்கே இல்லவே இல்லை. வெயில் செய்கிற மாயமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மான் ஒரு தழையை இழுத்தது. நாலு இலை தரையில் விழுந்தன. அவற்றை எடுக்க அது தலையைக் கீழே கொண்டுபோனது.

முகம் இப்போது செங்குத்தாகத் தரையைப் பார்த்துத் தொங்கியது. முகத்தோடு அந்தப் பட்டையும் செங்குத்தாக நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. தலை இறங்க இறங்க, விழி தன் குழிக்குள் தானாகத் திரும்பிக்கொடுத்தது. குடத்தைச் சாய்த்தாலும் உள்ளே தண்ணீர் மட்டம் சாயாமல் இருப்பது போல, பட்டை தரைக்கு நேராகவே நின்றது. மான் தலையைத் தூக்கியது. அப்போதும் நேர். மறுபடி குனிந்தது. அப்போதும் நேர். பூமியோடு ஏதோ ஒப்பந்தம் செய்துகொண்டது மாதிரி.

மான் அக்காவுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பயமாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரிய காரியம் இவ்வளவு சத்தமில்லாமல், யாரும் கேட்காமல், ஒவ்வொரு வாய் தழைக்கும் ஒவ்வொரு தடவை நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அவள் பிறக்குமுன்னும் நடந்தது, அவள் அருங்காட்சியகத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடிக்கண்ணை அளந்துகொண்டிருந்தபோதும் நடந்தது. இதைப் பார்க்காமலே செத்துப்போயிருப்பேனே என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நாத்தனாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நாத்தனாருக்கு இது பழைய விஷயம். மேயும்போதும் தரை முழுக்க ஒரே வீச்சில் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அதற்குத்தான் அப்படி என்று பாடம் மாதிரி சொன்னாள். இருட்டில் பாப்பா விரிந்து அகலமாகும் என்றாள். பிறகு, போகிற போக்கில்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"செத்துட்டா விரிஞ்சது விரிஞ்சபடி நின்னுடும் அண்ணி. வட்டமா ஆயிடும்."

வீட்டுக்கு வந்து அலமாரியையே காலி செய்தாள். பூதக்கண்ணாடியோடு தரையில் உட்கார்ந்து அறுபது புத்தகத்தையும் புரட்டினாள். வட்டம், வட்டம், வட்டம். விஷயம் மெல்லப் புரிந்தது. அந்தக் காலத்து ஓவியர்கள் வேட்டைக்காரன் கொண்டுவந்து போட்ட மானைப் பார்த்து வரைந்தார்கள். பாடம் செய்தவர்கள் எல்லா மிருகத்துக்கும் ஒரே டப்பாவிலிருந்து வட்டக் கண்ணாடிக்கண்ணை எடுத்து வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் படத்தையும் இந்தப் பொம்மையையும் பார்த்து வரைந்தார்கள். பரீட்சையில் முதல் பெஞ்சுக்காரன் எழுதிய தப்பு கடைசி பெஞ்சு வரைக்கும் போவது போல, செத்த கண் ஒன்று புத்தகம் புத்தகமாக நடந்து அவள் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வேட்டைக்காரர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. தான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரியாது.

ஏழாவது படத்தின் கண்ணை மாற்ற ஒரு பகல் போதுமாக இருந்தது. மாற்றி முடித்ததும் படம் அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் முழுசாக ஒரு மணி நேரம் நிலைக்கவில்லை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மற்ற பதிமூன்றிலும் மிளகளவு, புளியங்கொட்டை அளவு கண்கள். எல்லாம் வட்டம். எல்லாம் செத்தவை.

யார் பார்க்கப் போகிறார்கள்? லென்ஸ் வைத்துப் படம் பார்க்கிற வாசகன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். அவரே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஏழாவதை அனுப்பினால் அதிலும் போடுவார், அட்டையில் பெயர் வரும், கதை முடிந்தது. உண்மையைச் சொன்னால் பதிமூன்றையும் மறுபடி வரைய வேண்டிவரும். கையில் இருப்பதோ எட்டு நாள். பதிப்பாளர் புகைப்படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார். இரண்டு நாள் இதே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டாள். எப்படிப் போட்டாலும் வாயை மூடுவதே லாபம் என்று வந்தது. ஆனால் குனியும் தலையும், திரும்பிக்கொடுக்கும் விழியும் கண்ணை மூடினாலும் வந்துகொண்டே இருந்தன. அதைப் பார்த்தபிறகு அந்தப் பதிமூன்றை யாரிடமாவது மான் என்று சொல்லிக் காட்ட அவளுக்கு நா எழவில்லை. வேட்டைக்காரருக்குப் போன் செய்தாள். என்ன ஏது என்று சொல்லாமல், கொட்டகைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அவருக்கு நாத்தனார் எந்தப் பாடமும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. எழுபத்து நான்கு வயதுக்காரர் உள்ளே நடந்தது காற்றுக்குக்கூடத் தெரியவில்லை. மானின் காது ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார், கல்லாகிப்போனார். இப்படித்தான் எத்தனை மானை நெருங்கியிருப்பார் என்று மான் அக்கா நினைத்துக்கொண்டாள்.

தழைக்காக மான் வந்தது. தலை குனியும்போது கண்ணைப் பாருங்கள் என்று அவள் உதடு மட்டும் அசையச் சொன்னாள். அவர் பார்த்தார். ஒருமுறை, இன்னொருமுறை, பத்துமுறை. அவருடைய முகத்தில் முதலில் ஒரு சந்தேகம் வந்தது. பிறகு வாய் கொஞ்சம் திறந்தது, திறந்தபடியே நின்றது. சின்னப் பிள்ளைகள் முதல்முதலாகக் கடலைப் பார்க்கும்போது அப்படி நிற்பார்கள். பிறகு அவர் பேசியது அவளிடமா தனக்குத்தானா என்று தெரியவில்லை.

"இருநூத்துப் பதினோரு மான். ஒண்ணைக்கூட நான் பார்க்கலையே."

உயிரோடு இருந்தபோது தூரத்தில் பார்த்தார், பக்கத்தில் போனபோது அது செத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. கையைத் தூக்கினால் மான் மிரளும் என்று அதைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். "மத்தப் பதிமூணும் வட்டமாத்தான் போட்டிருக்கேன் ஐயா" என்றாள். "நானும் கையெழுத்துப் போட்டிருக்கேனே" என்றார் அவர்.

மறுநாள் அவர் அவள் வீட்டுக்கு வந்து, பதிமூன்று படத்தையும் கவிழ்த்து வைத்து, தன் கையெழுத்தை ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு அவளையும் அழைத்துக்கொண்டு பதிப்பாளரிடம் போனார். பதிப்பாளர் குதித்தார். ஒரு பொட்டுக்காக அச்சு இயந்திரம் காத்திருக்குமா என்று கேட்டார். புகைப்படத்தில் கண் எப்படி இருக்கிறது என்று காட்டச் சொன்னார் வேட்டைக்காரர். தூரத்திலிருந்து எடுத்தவற்றில் மைத்துளி இருந்தது, விளக்கு அடித்து எடுத்தவற்றில் நெருப்புத்துண்டு இருந்தது. அப்படியானால் இதையே போடுங்கள், கூடவே எழுத்துக்கும் வேறு ஆளைப் பாருங்கள், மானின் கண் பற்றிய அத்தியாயத்தைத் திருப்பி எழுதாமல் நானும் புத்தகத்தைத் தருவதாக இல்லை என்று எழுந்துவிட்டார். மூன்று வாரம் கிடைத்தது.

அந்த மூன்று வாரம் அவள் சாப்பிட்டதும் தூங்கியதும் கணக்கில் வராது. எட்டுப் படங்களில் கண்ணை மட்டும் மாற்ற முடிந்தது. ஐந்தைப் பழைய கோட்டு மாதிரிகளை வைத்துக்கொண்டு முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. ஏழாவதையும் விடவில்லை. ஏற்கெனவே மாற்றியதுதான், ஆனாலும் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டபிறகு கழுத்தும் விலாவும் பொய்யாகத் தெரிந்தன. அதையும் புதுத்தாளில் போட்டாள். நடுவில் ஒருநாள் மானின் கட்டைப் பிரித்துக் காட்டோரத்தில் விட்டுவிட்டதாக நாத்தனார் சொன்னாள். திரும்பிப் பார்த்ததா என்று மான் அக்கா கேட்டாள். எதுக்குப் பார்க்கணும் என்றாள் நாத்தனார். அதுவும் சரிதான்.

கடைசி நாள் காலையில் வேட்டைக்காரர் வந்தார். மாடிப்படி செங்குத்து என்று குறைசொல்லிக்கொண்டும், பின்னால் வந்த அவள் புருஷனிடம் தன் முழங்காலின் வரலாற்றை உரக்கச் சொல்லிக்கொண்டும் ஏறினார். மான் அக்கா அறைக்குள் நின்றிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் விழுகிற எதிர்ச்சுவரில் ஏழாவது படம் இருந்தது. இந்த மனுஷர் மறுபடியும் செத்தது என்றால் நாளைக்கு அச்சில் புகைப்படம்தான் ஏறும்.

வாசற்படியில் அவர் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது. பின்னால் வந்தவனின் மார்பில் புறங்கையை வைத்துத் தடுத்தார். தூக்கிய காலை உடனே வைக்கவில்லை. முதலில் ஓரத்தை ஊன்றி, பிறகு குதிகாலை, பிறகு முழுப் பாதத்தை, சத்தமில்லாமல் இறக்கினார். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டார். பார்வையைச் சற்றே தாழ்த்திக்கொண்டார். படத்தைப் பார்க்காத மாதிரி, விழிக்கடையால் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரமா நிக்குது?" என்று மூச்சுக்குரலில் கேட்டார்.

"விடிஞ்சதிலேருந்து" என்றாள் அவளும் மூச்சுக்குரலில்.

அவர் தலையை மட்டும் மெல்ல அசைத்தார். வெகுநேரம் வரைக்கும் மூன்று பேரில் யாரும் அந்த அறையில் அசையவில்லை.